டீச்சரின் இடம்

ஆவூர் ஸ்டெல்லா டீச்சர், இறந்துபோன கணவரின் குட்டி பிரெஞ்சு காரை எனக்கு விற்றபோது, "எதையும் மாத்திராதீங்க தம்பி" என்றார். தலையாட்டினேன்.

வீட்டில் வைத்துத் துரு சுரண்டி, பெயின்ட் அடித்தேன். ஸ்டீரிங் இடப்பக்கம் இருந்ததால், எதிரே வருவது தெரியாமல் பஸ்களை முந்தப் பயமாயிருந்தது. வலப்பக்கம் மாற்றிவிட்டேன். அந்தப் பெருமையோடுதான் டீச்சரிடம் காட்ட ஓட்டிப்போனேன்.

ஆசையாக வந்தவர், பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்தார். ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன்.

"இது என் எடமாச்சே..."

"அங்கிட்டு உக்காருங்க டீச்சர், ஒரு ரவுண்டு போவோம்."

சுற்றிப் போனார். இடப்பக்க இருக்கையைத் தடவிப் பார்த்தார். உட்காரவில்லை.

"இது அவரு எடம். நீங்க போய்ட்டு வாங்க தம்பி."

கதவை மெதுவாகச் சாத்தினார்.

இப்போது பஸ்களைச் சுலபமாக முந்துகிறேன். பக்கத்து இருக்கையில் யாரையும் உட்காரச் சொல்லத்தான் வாய் வரவில்லை.