கள்ள சீடி

நான் செய்தது ஒரு பஸ் கேம். ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு ஆள் ஏற்றிப் போகவேண்டும். வளைவில் உருளக்கூடாது, எதிரே வரும் தேயிலைக் கொழுந்து லொறியில் மோதக்கூடாது. பதுளையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதினேன். தமிழ் எழுத்துகளை நானே புள்ளி புள்ளியாக வரைந்தேன்.

விற்பனைக்கு வந்த இரண்டாவது வாரமே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் அதன் கள்ளக் கொப்பி தொங்கியது. அட்டைப் படத்தையும் மங்கலாகப் பிரதி எடுத்திருந்தார்கள். "இது நான் செஞ்சதுங்க" என்றேன்.

கடைக்காரர் சந்தோஷப்பட்டார். "அப்படியா? நல்லா ஓடுதுங்க!"

அந்த ஆத்திரத்தில், ஹல்துமுல்லைப் பாதையைச் சேர்த்து வெளியிட்ட அடுத்த கேமுக்குப் பூட்டுப் போட்டேன். என் சீடியில் ஓர் அடையாளம் வைத்தேன். கொப்பி எடுத்தால் அது வராது. அடையாளம் இல்லையென்றால் கேம் திறக்காமல் விட்டிருக்கலாம். அது எனக்குப் போதவில்லை. மூன்று வளைவு வரை ஓடவிட்டேன். பிறகு பஸ் நிற்கும், திரை சிவக்கும், பெரிய எழுத்தில் வரும்: 'திருட்டு நாயே, பஸ்ஸை விட்டு இறங்கு.' நாலு பேர் முன்னால் அவமானப்படட்டும் என்று ரசித்து ரசித்து வரைந்தேன். அதை எழுதிய கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருள் எல்லாமே அதே கடையில் வாங்கிய கொப்பிகள் என்பது அப்போது உறைக்கவில்லை.

அக்கா ஸ்பிரிங்வெளியில் கொழுந்து பறித்தாள். நான் படிப்பதற்காக எட்டாம் வகுப்போடு நின்றவள். புதுக் கேமில் ஒரு சீடி கேட்டாள். "உனக்கெதுக்கு? வீட்டுல கம்ப்யூட்டரா இருக்கு?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, கொழும்பில் வேலை செய்யும் மகன் கம்ப்யூட்டர் வாங்கிக்கொடுத்திருந்த ஒரு வீட்டில், வரிசை வீட்டுச் சனம் அத்தனையும், லயமே கூடியிருந்தது. நடுவில் அக்கா. "என் தம்பி செஞ்சது. பாருங்க, நம்ம ரோட்டு!" அவள் மடியில் மங்கிய அட்டை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. நிறுத்தச் சொல்ல மூன்று வளைவு நேரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரியாமல் கொப்பி வாங்கியிருக்கிறாள் என்ற கோபம்.

திரை சிவந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தாள். பிறகு வீடே சிரித்தது.

"என்னடி, சொந்தத் தம்பியே ஒன்னைய திருட்டு நாயிங்கிறான்!"

அக்கா என்னைப் பார்த்தாள். "நான் பிழையா எதையாச்சும் அமுக்கிட்டேனா தம்பி?"

"கள்ள சீடி வாங்குனா அப்படித்தான் வரும். கடையில வாங்கியிருக்கணும்."

"கடையிலதானே வாங்கினேன்."

அதற்கு இன்னும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனாள்.

மறுநாள் காலைப் பெரட்டிலேயே, வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, யாரோ அவளை "கள்ள சீடி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அப்புறம் கொழுந்து நிறுக்கும் இடத்தில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில். ஒரு மாதத்துக்குள் எவனோ என் பூட்டை உடைத்துவிட்டான். கடைக்காரரே கூப்பிட்டுச் சொன்னார்: "இப்ப பிரச்சின இல்லீங்க, கடைசி வரைக்கும் ஓடுது."

நல்ல சீடி ஒன்றை அக்காவுக்குக் கொண்டுபோனேன். அவள் கையை நீட்டவில்லை. "வேணாம் தம்பி. அதுவும் ஏதாச்சும் சொல்லும்."

அதன்பின் நான் கேம் செய்யவில்லை. சில வருடம் கழித்து, ஸ்பிரிங்வெளியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் என் அக்கா மகளைக் கூப்பிடுவது கேட்டது.

"ஏய், கள்ள சீடி மகளே, நில்லுடி!"

அவள் சாதாரணமாகத் திரும்பி நின்றாள்.