சாரம்மாளின் இரண்டாம் சரணம்

சாரம்மாளுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் கேக்கும் இல்லை, புதுச்சேலையும் இல்லை, இரண்டாம் சரணம்தான். விக்கிரமசிங்கபுரத்துக் கோயிலில் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் ஒரு கீர்த்தனை பாடுவார்கள். பல்லவியைப் பாடகர் குழு மொத்தமும் பாடும். இரண்டாம் சரணத்தை மட்டும் அவள் ஒருத்தி தனியாகப் பாடுவாள். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வழக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் தோசை சுடும்போதும் சரணம், துணி அலசும்போதும் சரணம். புருஷன் செத்த வருஷமும் பாடினாள். ஊர் பேசியது எதையும் அவள் காதில் வாங்கவில்லை.

வாங்க முடியாது என்பது வேறு விஷயம். நூல் மில்லில் முப்பது வருஷம் நின்றவள். இயந்திர இரைச்சல் பாதிக் காதைத் தின்றுவிட்டது. அப்படிப்பட்டவளுக்குத் தன் குரல் எப்போதும் போதாது என்றுதான் தோன்றும். அவள் பாடினால் பஸ் நிறுத்தம் வரை கேட்கும். தாளத்துக்கு அரை அட்சரம் முந்தியும் எடுப்பாள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரியும்.

தொண்ணூற்று நாலில் ஞானதுரை வந்தார். பாளையங்கோட்டையிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி. சொந்தமாகக் கீபோர்டு வைத்திருந்தார். அந்த ஒரே தகுதியில் பாடகர் குழுவை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் ஒத்திகையில் மூன்று முறை வாசிப்பை நிறுத்தினார். மூன்று முறையும் சாரம்மாளைப் பார்த்தார். பிறகு, எல்லார் முன்னாலும், தேன் தடவிய குரலில் சொன்னார்.

"அக்கா, நீங்க சத்தம் குடுக்க வேண்டாம். சும்மா வாய மட்டும் அசைங்க, போதும். சரணத்தை கிரேஸ் பாடட்டும்."

கிரேஸ் வேறு யாருமில்லை, சாரம்மாளின் தம்பி மகள். குரல் நல்ல குரல்தான். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அந்தப் பெண், "எங்க அத்தை பாடட்டும் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சாரம்மாள் அன்றே போதகரிடம் போனாள். பண்டிகை நேரத்தில் சமாதானமாகப் போகும்படி அவர் கேட்டுக்கொண்டார். சமாதானம் கேட்பது எப்போதும் தோற்றவரிடம்தானே! தம்பி வீட்டு வாசலில் நின்று, "ஏலே, ஒம் மவ என் சரணத்தத் திருடிட்டா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினாள். குழுவை விட்டு விலகிவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். விலகவில்லை. மூன்று வாரமும் ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்து, முதல் வரிசையில் நின்று, ஞானதுரையை முறைத்துக்கொண்டே வாயை அசைத்தாள். அவள் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு பானைச் சோறு பொங்கியிருக்கலாம்.

கிறிஸ்துமஸ் அன்று விடிவதற்குள் கோயில் நிரம்பிவிட்டது. பெண்கள் பக்கம் முன் பெஞ்சுகளில் மில்லில் அவளோடு வேலை பார்த்தவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். ஞானதுரை சபைக்கு முதுகைக் காட்டி, குழுவைப் பார்த்தபடி கீபோர்டு முன்னால் நின்றார். பல்லவி தொடங்கியது. சாரம்மாள் வாயை அசைத்தாள்.

மில்லில் இயந்திரம் ஓடும்போது பேச்சுக் கேட்காது. அங்கே பெண்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். மாமியார் சண்டையிலிருந்து மீன் குழம்புவரை, சத்தமே இல்லாமல். பாளையங்கோட்டைக்காரருக்கு இது எங்கே தெரியப்போகிறது? முன் பெஞ்சுக்குத் தெரியும். சாரம்மாள் உதட்டில் கீர்த்தனை இல்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவனுக்கு வாசிக்கத் தெரியல, எங்கொரலு கோணலாம். ஏளா, அவன் பின்பக்கத்தப் பாருங்க. பேன்ட்டு தையல் விட்டிருக்கு."

நாற்பது பேரும் பார்த்தார்கள். விட்டுத்தான் இருந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள். ஒருத்தி அடக்க முடியாமல் உரக்கவே சிரித்துவிட்டாள்.

சரியாக அந்த நேரத்தில்தான் கிரேஸ் சரணத்துக்காக ஓர் அடி முன்னால் வந்தாள். அத்தை பக்கத்தில் நின்றவளுக்கு அத்தையின் உதடு தெரியவில்லை. தெரிந்தது, தன்னைப் பார்த்துச் சிரிக்கும் நாற்பது முகங்கள். முதல் சொல்லைப் பாடினாள், அதோடு நிறுத்திவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கீபோர்டு போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. சரணத்தை எடுக்க ஆளில்லை. ஞானதுரை வேர்த்துப்போய் நிமிர்ந்தார். சாரம்மாள் எடுத்தாள், அரை அட்சரம் முந்தி, முழுத் தொண்டையில். கூரையில் இருந்த புறாக்கள் கலைந்தன. அவள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரியையும் விடாமல், கடைசி வரியை இரண்டு தடவையும் பாடி முடித்தாள். கீபோர்டுதான் அவள் பின்னால் ஓடி வர வேண்டியதாயிற்று.

ஆராதனை முடிந்து எல்லாரும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மில்காரி ஒருத்தி கிரேஸைத் தனியாக அழைத்துப் போய், சிரிப்பு யாரைப் பார்த்து வந்தது, யார் மூட்டிவிட்டது என்பதை எல்லாம் சொல்லிவிட்டாள். கிரேஸ் நேரே அத்தையிடம் வந்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

"நான் பக்கத்துல நின்னு அழுதுகிட்டிருந்தேன் அத்தை. அந்நேரம் ஒங்களுக்குப் பாட்டு எப்படி வந்துச்சு?"

சாரம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அத்தனை பேர் நடுவில், கோயில் வாசலில், பண்டிகையும் அதுவுமாக அவளுக்குப் பொய் வரவில்லை.

"நல்லா வந்துச்சுட்டீ" என்றாள்.