கோழி ஈரல்

ஹொக்கி மட்ச் நடக்கும் நாளில் எங்கள் வீட்டில் கட்டாயம் கோழி சமைப்பார்கள். கோல் போட்டவளுக்குத்தான் ஈரல். இது அப்பா போட்ட சட்டம். மாத்தளைக் கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்தவர். ஒரு சட்டத்தைப் போட்டுவிட்டால் அவரே நினைத்தாலும் மாற்ற மாட்டார். அக்காவும் நானும் ஒரே பள்ளிக்கூட அணியில் விளையாடினோம். நான் முன்வரிசை, அவள் பின்வரிசை. ஆகவே ஈரல் எல்லாம் எனக்கே வந்து சேர்ந்தது. அக்காவுக்குக் கழுத்துத் துண்டு.

கோல் போட்டதும் ஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் ஓடுவேன். "அது என் சின்ன மக!" என்று அப்பா பக்கத்தில் நிற்பவர்களிடம் கத்துவார். அந்த ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்கிறது. அக்கா அப்போதும் எங்கள் கோலுக்கு முன்னால் குனிந்தபடியே நிற்பாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் கணைக்காலெல்லாம் பந்து பட்டுக் கன்றிப்போயிருக்கும். எங்கள் பக்கம் கோல் விழுவதே அபூர்வம். மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விளையாடத் தெரியாது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

இறுதிப் போட்டி வந்தது. வென்றால் கொழும்புக்குப் போய் விளையாடலாம். நாங்கள் இருவரும் கடலைப் பார்த்ததே இல்லை. அலையில் கால் நனைப்பதைப் பற்றி அக்கா ஒரு கிழமையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கோ வேறு கவலை. மூத்தவள் ஒரு கோல்கூடப் போடாமல் பள்ளிக்கூடத்தை முடித்துவிடுவாளே என்று. இடைவேளைக்குத் தோடம்பழம் கொண்டுவந்து கொடுப்பவர் எப்போதும் அப்பாதான். அதனால் எங்களுக்கு ஹொக்கி பழக்கிய சேரால் அவரிடம் எதையும் மறுக்க முடியாது.

"இன்னைக்கு மட்டும் பெரியவள முன்னுக்கு விடுங்க சேர். பாவம், அவளும் ஒரு கோல் போடட்டுமே."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவள் ஒரு கோல் போட்டாள். நானும் ஒன்று போட்டேன். எதிரணி மூன்று போட்டது. ஒவ்வொரு தடவையும் அக்கா தலைதெறிக்கத் திரும்பி ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் பந்து உள்ளே போயிருந்தது.

தோற்றது அப்பாவுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தபோது ஈரலை முழுசாக அக்காவின் தட்டில் வைத்தார். அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"எனக்கு வேணாம்ப்பா. நான் பின்னாலயே நின்னிருக்கணும்."

"கோல் போட்ட புள்ள அழலாமா?" என்று அப்பா சிரித்தார்.

அக்கா ஈரலை எடுத்து என் தட்டில் போட்டாள். நான் சந்தோஷமாகத் தின்றுகொண்டே அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

"விடுக்கா. அவங்க இந்த வாட்டி நல்லா வெளையாடப் பழகிட்டு வந்துட்டாங்க."