பதினொரு பாட்டில் பூண்டு

தொழிற்சாலையில் அவருக்கு வைத்திருந்த பெயர் டப்பா டாக்டர். படித்து வாங்கிய பட்டம் இல்லை, கூட வேலை பார்ப்பவர்கள் கொடுத்தது. பட்டாணி, சோளம், சூப் என்று டின்னில் அடைத்து வெளியே போகும் எல்லாவற்றிலும், ஒரே வேளையில் அடைத்த தொகுதிக்குச் சில டின்களை எடுத்து, வெப்ப அறையில் இரண்டு வாரம் அடுக்கி வைப்பார். பிறகு ஒரு சின்னக் கம்பியால் மூடிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுப்பார். நல்ல டின் கணீரென்று ஒலிக்கும். உள்ளே ஏதாவது வளர்ந்துகொண்டிருந்தால் சத்தம் மந்தமாக வரும். அப்படி ஒன்று வந்துவிட்டால் போதும், அந்தத் தொகுதியில் ஒரு டின்கூட வாசல் தாண்டாது. மேலாளர் குட்டிக்கரணம் போட்டாலும் இவர் அசைய மாட்டார்.

வெளியே போனால் அவரை யாரும் நிம்மதியாக விடுவதில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பக்கத்து நாற்காலிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நமக்குள்ள இருக்கட்டும், உள்ள என்ன கெமிக்கல்தான் போடுறீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். "அளவு மீறினா தப்புதாங்க" என்பார் இவர். சும்மா வாய்வார்த்தை இல்லை. அளவு சரியில்லாத நிறப்பொடி மூட்டைகளை வந்த லாரியிலேயே திருப்பி அனுப்பியவர் அவர். ஆனால் அவர் பயப்படுவது வேறொன்றுக்கு. போட்ட பொடியை அளந்து பார்க்கலாம், தானாக வளரும் கிருமியை யார் அளப்பது? அதைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியாததற்கு அவ்வளவுதான் மரியாதை.

இந்தப் பேச்சையெல்லாம் அவர் ஒரே ஒரு வீட்டில் எடுப்பதில்லை, அது அக்காவின் வீடு. அக்கா கடைக்குப் போனால் பூதக்கண்ணாடியோடு போவாள். லேபிளில் ஏதாவது எண்ணோ, வாயில் நுழையாத பெயரோ இருந்தால் பொருள் திரும்ப அலமாரிக்கே போகும். கடைக்காரர் அவளைக் கண்டாலே உள்ளே வேலை இருப்பதுபோல் நழுவிவிடுவார். இதைக் கேட்டுச் சிரிக்கலாம், காரணம் தெரியாதவரை. அவள் கணவர் சாயத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பொடி கலக்கியவர். சிறுநீர்ப்பையில் கட்டி வந்து போய்ச் சேர்ந்தார். அந்தப் பொடிதான் காரணம் என்று டாக்டரே சொன்னார். அதன் பிறகு அக்காவிடம் எந்த முகத்தோடு கெமிக்கலைப் பற்றி வாதாடுவது? தம்பி வாயைக் கட்டிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா அவர் கையில் ஒரு பாட்டிலைத் திணித்தாள். உரித்த பூண்டு, மேலே விளிம்புவரை எண்ணெய்.

"பதினொண்ணு போட்டேன். ஒரு சொட்டு கெமிக்கல் கிடையாது. உன் ஃபேக்டரியில இப்படிச் செய்ய முடியுமா, சொல்லு பாப்போம்."

"எப்ப போட்டே?"

"மூணு வாரம் ஆச்சு."

"ஃபிரிட்ஜிலயா வச்சிருந்தே?"

"எதுக்கு? எண்ணெய்ல ஊறுறதுக்கு ஃபிரிட்ஜ் வேறயா!" என்று அடுப்புக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினாள். அங்கே இன்னும் ஏழு பாட்டில்கள் வெதுவெதுப்பாக வரிசையில் நின்றன.

அவர் பாட்டில்களை எண்ணினார். மிச்சம் மூன்றும் எங்கே என்று கேட்டார். மாடியில் இருக்கும் டீச்சருக்கு ஒன்று, பேங்க்கில் வேலை பார்க்கும் சிநேகிதிக்கு ஒன்று, கீழே தையல்காரிக்கு ஒன்று.

"அக்கா, இதை யாரும் சாப்பிடக் கூடாது."

அக்காவின் முகம் சுருங்கியது. "ஏன்? லேபிள் ஒட்டலைன்னா?"

"மண்ணுல இருக்குற ஒரு கிருமி பூண்டோட வந்திருக்கும். அதுக்குக் காத்து ஆகாது, புளிப்பு ஆகாது. நீ எண்ணெய ஊத்திக் காத்தை அடைச்சிட்டே, புளிப்பும் போடல. சொகுசா வளரும். அது விடுற விஷத்துக்கு வாசனையும் இல்ல, ருசியும் இல்ல."

"கொஞ்சம் வினிகர் ஊத்தச் சொல்றியா? அதுவும் ஆசிட்தானே! ஆசிட் இல்லாம உங்களுக்கு எதுவுமே ஆகாதா?" அவள் குரல் உயர்ந்தது. பாட்டிலைப் பிடுங்கித் திறந்தாள். ஒரு கரண்டி எடுத்தாள். "நல்லா வாசமாத்தான் இருக்கு. இதுல விஷம்னா நானே முதல்ல சாப்பிடுறேன், பாரு."

கரண்டி உதட்டருகே போவதற்குள் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அக்காவைக் கை வைத்துத் தடுத்தார். எண்ணெய் இருவர் கையிலும் வழிந்தது.

"மாமாவைக் கொன்னது கெமிக்கல்தான் அக்கா. நான் இல்லைன்னு சொல்லவே இல்ல. அதுக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு. இதுக்கு நாலு நாள் போதும். உன்னையும் தூக்கிக் கொடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்?"

 அக்கா கரண்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. போனை எடுத்தாள். தம்பி சொன்னான் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார்.

"டீச்சர், நான் கொடுத்த பூண்டைத் தொடாதீங்க. நான் தப்பாப் பண்ணிட்டேன்" என்றாள். பேங்க் சிநேகிதியிடமும் அதே வார்த்தை. இருவரும் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

தையல்காரி போனை எடுக்கவில்லை. மிஷின் சத்தத்தில் அவளுக்கு என்றைக்குக் கேட்டிருக்கிறது! இருவரும் கீழே இறங்கிப் போனார்கள்.

"நேத்தே வழிச்சுச் சாப்பிட்டாச்சே!" என்று அவள் காலி பாட்டிலைக் கழுவித் துடைத்து நீட்டினாள். "அடுத்தது எப்ப?"

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். இப்போது ஒன்றும் தெரியவில்லை, பத்து நாள் கவனியுங்கள் என்றார் டாக்டர். இமை தொங்கினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ அந்த நிமிடமே வர வேண்டும். மிச்சமிருந்த பாட்டில்களை டப்பா டாக்டர் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய், டின்களை வேகவைக்கும் நீராவிக் கலத்தில் அவித்துக் கொட்டினார். உள்ளே விஷம் இருந்ததா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை.

அக்கா தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையிலும் மாலையிலும் கீழே போய், தையல்காரி கையில் ஊசியையும் நூலையும் கொடுத்து, "கோரு" என்பாள். ஊசி இரண்டாகத் தெரிந்தால் நூல் நுழையாது அல்லவா! பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அது தொண்டையில் இறங்குவதை உற்றுப் பார்ப்பாள். முதல் இரண்டு நாள் தையல்காரிக்கும் பயம்தான். மூன்றாம் நாள் தெளிந்துவிட்டாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட ஊசியெல்லாம் கோக்கச் சொல்லலக்கா" என்று சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

பத்தாம் நாள் மாலை தம்பியும் கூடப் போனார். தையல்காரி மிஷினை நிறுத்தினாள், நூல் முனையை நாக்கில் நனைத்தாள், ஒரே குத்தில் ஊசியில் கோத்து நீட்டினாள்.

"போதுமாக்கா? இன்னொண்ணு வேணுமா?"

அக்கா ஊசியை வாங்கவில்லை. ஊசியோடு சேர்த்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, வெட்டிப்போட்ட துணிக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

"அக்கா, விடுங்க, ஊசி குத்துது பாருங்க" என்றாள் தையல்காரி.

அக்கா விடவில்லை.