மாமி எழுப்பாத மணி

கணவர் துபாயில் இருக்கிறார். கீழக்கரை வீட்டில் நானும் மாமியாரும்தான். நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டை அவரே சமைத்துவிட்டு, "பாவம், தூங்கட்டும்" என்று என்னைக் கடைசியில்தான் எழுப்புவார்.

அவர் பக்கவாதத்தில் படுத்தபின் குரல் மெலிந்துவிட்டது. அடுப்படிக்குக் கேட்காது. யூடியூப் பார்த்து, சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சிப் ஒன்றில் அழைப்பு மணி செய்தேன். அவருடைய நல்ல கையருகே பட்டன், அடுப்படியில் ஒலியெழுப்பும் பஸ்ஸர். அதில் போட்ட வாட்ச் பேட்டரி சீக்கிரமே தீர்ந்துபோனது. சும்மா இருக்கும்போதும் சிப் விழித்தே இருந்ததுதான் காரணம். அதைத் தூங்கவைக்கும் நிரலைத் தேடிப் படித்துச் சேர்த்தேன். பட்டனை அமுக்கினால் மட்டும் விழிக்கும்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "மாமி, இனி இது எந்நேரமும் தூங்கிக்கிட்டேதான் இருக்கும். பேட்டரி வருஷக்கணக்கா வரும்" என்றேன்.

மறுநாள் காலை முழுக்க மணி அடிக்கவே இல்லை. மத்தியானம் கஞ்சியோடு போனால், உதடு வறண்டு, நனைந்த படுக்கையில் கிடந்தார்.

"பட்டனை அமுக்கியிருக்கலாமே மாமி!"

"தூங்குதுன்னியே புள்ள. அதைப் போய் எதுக்கு எழுப்பணும்னு இருந்துட்டேன்."

எவ்வளவோ விளக்கினேன். தலையாட்டினார். அதற்குப் பிறகும் அவர் அதை அதிகம் எழுப்பவில்லை.

போன மாதம் மௌத்தாகிவிட்டார். அடக்கம் முடிந்து, கட்டிலை நகர்த்தும்போது தெரியாமல் என் விரல் பட்டனில் பட்டது. ஆளில்லாத அடுப்படியில் மணி உடனே அடித்தது.

எவ்வளவு லேசான தூக்கம் அது. அதைக் கலைக்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை.