என்னைப் பார்த்து அப்படியே செய், பத்மா!

இன்று காலை நான் வயலின் வாசிப்பதை நானே கைப்பேசியில் படம் எடுக்க உட்கார்ந்தேன்.

திரையைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். வில் இடது கையில்!

(எண்பத்தாறு வயதில் கை மாறிவிட்டதோ என்று குனிந்து சரிபார்த்தேன். மாறவில்லை. முன்பக்கக் கேமரா கண்ணாடி போலத்தான் காட்டுமாம்.)

உடனே பத்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம், சிங்கப்பூர். பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பேன். மாலையில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், மாவு மில்லுக்கு மேலே இருந்த என் அறையில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பேன். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான்.

பாயில் எதிரெதிரே உட்காருவோம். "என்னைப் பாத்து அப்படியே செய்" என்பேன். என் பாடமுறை மொத்தமும் அந்த ஒரு வாக்கியம்தான்!

பத்மாவுக்கு ஏழு வயது. புக்கிட் மேராவிலிருந்து அவள் அம்மா பஸ்ஸில் கூட்டி வருவார். வயலின் பெட்டியை அம்மாவிடம்கூடத் தரமாட்டாள். கட்டிப்பிடித்தபடியே மாடி ஏறுவாள்.

முதல் நாளே வில்லை இடது கையில் எடுத்தாள்.

"சோத்துக்கைம்மா" என்று மாற்றி வைத்தேன். "இப்ப என்னைப் பாரு."

பார்த்தாள். வில் மறுபடியும் இடது கைக்குப் போய்விட்டது!

இப்படியே நான்கு வாரம். நான் மாற்றுவேன், அவள் என்னைப் பார்ப்பாள், கை மாறிவிடும்.

அம்மாவுக்கு ஒரே சங்கடம். "வீட்டுல சோத்துக்கையிலதான் சார் சாப்பிடுறா, எழுதுறா. இங்க வந்தாத்தான் பீச்சாங்கை! சரஸ்வதி வாத்தியத்த போயி இப்படித் தொடலாமா?"

(இங்கே வந்தால்தான்! அந்தச் சொல்லிலேயே விடை இருந்தது. என் காதில்தான் ஏறவில்லை.)

ஐந்தாம் வாரம் பத்மாவின் இடது மணிக்கட்டில் கைக்குட்டை கட்டியிருந்தது. அந்தக் கையை எடுக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாம்.

அன்று அவள் எந்தக் கையையும் தூக்கவில்லை. வயலினை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அடுத்த வாரம் கடைசி சார்" என்றார் அம்மா. "அதோட நிறுத்திக்குறோம். புள்ளைக்கு வராததப் போட்டு ஏன் வதைக்கணும்?"

பத்மா பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கடைசி வகுப்பன்று நல்ல மழை. கூரை ஒழுகியது, சரியாக நான் உட்காரும் இடத்தில்!

அங்கே ஒரு வாளியை வைத்துவிட்டு, பத்மாவின் பக்கத்தில் போய், அவள் பார்க்கும் திசையையே பார்த்து உட்கார்ந்தேன். தோளோடு தோள். வில்லை எடுத்தேன்.

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். கைக்குட்டை கட்டாத கையால் வில்லை எடுத்தாள். வலது கை!

ஒரு 'ஸ' வாசித்தாள். கதவு கிறீச்சிடுவது போல இருந்தது. அதைவிட நல்ல 'ஸ' நான் கேட்டதில்லை.

"பத்மா! எப்படிம்மா கை மாத்துன?"

"நான் மாத்தல சார். நீங்கதான் மாறிட்டீங்க." வாளியைக் காட்டினாள். "அங்க இருந்தப்ப உங்க வில்லு இந்தப் பக்கம் இருந்துச்சு." இடது கையை ஆட்டிக் காட்டினாள்.

வில்லைக் கீழே வைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் நின்று நான் வலது கையைத் தூக்கினால், பாதிப் பிள்ளைகள் இடது கையைத்தான் தூக்குவார்கள். தினமும் பார்ப்பேன், சிரிப்பேன். இவளோ, 'என்னைப் பாரு' என்ற சொல்லை நான்கு வாரமாக ஒரு பிசகும் இல்லாமல் கேட்டு நடந்திருக்கிறாள்!

"அக்கா, தப்பு அவ மேல இல்ல. என் மேலதான்" என்றேன். பத்மாவிடமும் திரும்பி, "மன்னிச்சிடும்மா" என்றேன்.

அம்மா வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "என்ன சார் நீங்க! சொன்னபடி கேக்குற புள்ளைய வச்சுக்கிட்டு நம்ம ரெண்டு பேரும் என்ன பாடு படுத்திட்டோம் லா!"

கைக்குட்டையை அவிழ்த்து அதாலேயே மகளின் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப அடுத்த வாரம் வரலாமா சார்?" கேட்டது பத்மா.

வந்தாள். பள்ளிப் படிப்பு முடியும்வரை வந்தாள்.

அதற்குப் பிறகு என்னிடம் வந்த எந்தப் பிள்ளைக்கும் முதல் மாதம் நான் எதிரே உட்கார்ந்ததில்லை. பக்கத்தில்தான்.

இன்று திரையில் தெரிந்த அந்த இடது கை வாத்தியாரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பத்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியவர் அவர்தான்!

நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கு ஷூ கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்தவர் எதிரே உட்கார்ந்தாரா, பக்கத்திலா?