வலக்கையால் போடும் சிலுவை

என்ர வீட்டுக்காரருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்த பிறகு, காலைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. தடி ஊன்றி நடந்தார். பேச்சும் கொஞ்சம் குழறலோடு திரும்பி வந்துவிட்டது. கைதான் அவருக்குத் துக்கம். சோறு தின்ன ஏலாதே என்றல்ல, இடக்கையில் கரண்டி பிடித்துத் தின்னப் பழகிக்கொண்டார். சிலுவை போட ஏலாது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டுகிற கயிறு பிடித்த கை அது. வாசலால் இறங்கும்போது, சோத்துக்கு முன்னால், படுக்கப் போகும்போது அந்தக் கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, இடத் தோளையும் வலத் தோளையும் தொட்டுவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்கும். இப்போது மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது.

பாதர் நற்கருணை கொண்டு வீட்டுக்கு வந்தபோது, "இடக்கையால போடுங்கோ ஐயா, ஆண்டவர் எந்தக் கை எண்டு பாக்கிறதில்லை" என்றார்.

"பாதர், கடைக்காரனுக்கு இடக்கையால காசு நீட்டினாலே அவன் முறைப்பான். ஆண்டவருக்கு மட்டும் இடக்கையோ?"

பாதர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. பூசைக்கும் வரமாட்டன் என்று நின்றுவிட்டார். எல்லோரும் சிலுவை போடும்போது தான் மட்டும் கட்டை மாதிரி நிற்க ஏலாதாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆஸ்பத்திரியிலோ அரசாங்கக் கந்தோரிலோ வாய் திறந்து கதைத்துப் பழக்கமில்லை. கதைக்கிறதெல்லாம் அவர்தான், நான் பின்னால் நிற்பேன். அவரை உடற்பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கியபோது, முதல் நாள் பிசியோ அறைக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தேன். அங்கே பயிற்சி தருகிற மிஸ் கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளை, முக்காடு போட்ட, சிரித்த முகம். என்னை உள்ளே கூப்பிட்டு, என்ர கையைப் பிடித்து, எப்படி முழங்கையை மடக்குவது, எப்படிப் பெருவிரலை முதலில் விரித்துப் பிறகு மற்ற விரல்களை விரிப்பது என்று காட்டித் தந்தா. "இழுக்கக் கூடாது அம்மா. கை தானா விடுற வரைக்கும் பிடிச்சுக்கொண்டு இருக்கோணும். வீட்டில இனி நீங்கள்தான் மிஸ்."

ஒவ்வொன்றும் பத்துத் தரம் செய்ய வேண்டும். எண்ணத் தொடங்கினால் எனக்கு இடையில் பிசகிவிடும். அதனால் செபமாலை சொல்லிச் சொல்லிச் செய்தேன். ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடியும் மட்டும் விரலை விரித்துப் பிடிக்கிறது, அடுத்ததுக்கு விடுகிறது. ஒரு பத்து மணி விரலுக்கு, ஒரு பத்து முழங்கைக்கு, ஒரு பத்துத் தோளுக்கு.

"இஞ்சாரப்பா, நீ செபம் சொல்லுறியோ கயிறு இழுக்கிறியோ?" என்று அவர் பகிடி பண்ணுவார். மிஸ்ஸிடம் சொன்னபோது அவவும் சிரித்துவிட்டு, "நல்லதுதானே அம்மா, நீங்கள் ஓதுங்கோ" என்றா.

கை மெல்ல மெல்ல அசையத் தொடங்கியது. முதலில் பெருவிரல். பிறகு கை மடியை விட்டு இடுப்பளவுக்கு எழும்பியது. அதற்குள் மாதக்கணக்காகிவிட்டது. அவர் அலுத்துப்போனார். கப்பல் கரைக்கு வந்தால் உடனே கட்டிப் பழகிய மனுசன்.

அந்த நேரத்தில்தான் முன்வீட்டுப் பிள்ளை வந்து குணமாக்கும் கூட்டத்தைப் பற்றிச் சொன்னது. வெளியூரிலிருந்து ஒரு பாஸ்டர் வருகிறார், முடவரெல்லாம் நடக்கிறார்கள், அங்கிளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அன்ரி என்றது. நல்ல பிள்ளை அது. அவர் விழுந்த அன்றைக்கு ஓடிப்போய் ஓட்டோ பிடித்துத் தந்ததும் அதுதான். எனக்கு யோசனையாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமலே, "போவம்" என்றார்.

கடற்கரைப் பக்கத்து வெளியில் கூட்டம். பிளாஸ்டிக் கதிரை நிறையச் சனம், பெரிய பெரிய ஸ்பீக்கர். பாஸ்டர் இறங்கி வந்து இவர் தலையில் கை வைத்துச் செபித்துவிட்டு, "ஐயா, விசுவாசத்தோட கையைத் தூக்குங்கோ" என்றார். சுற்றி நின்ற சனம் சத்தம் போட்டுச் செபித்தது. என்ர கண்ணால் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கையைத் தூக்கினார். தோளளவுக்கு எழும்பியது. சனம் கைதட்டியது. அவர் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த நாள் காலமை நான் எண்ணெய்ப் போத்தலும் செபமாலையுமாக வந்து பக்கத்தில் இருந்தபோது, அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இனி இது வேண்டாம்."

"ஏன்?"

"ஆண்டவர் தந்திட்டார். இனியும் நாங்கள் உருவிக்கொண்டு இருந்தா, தந்ததை நம்பேல்லை எண்டுதானே அர்த்தம்?"

எண்ணெய்ப் போத்தலைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். ஆஸ்பத்திரிக்கும் போகாமல் விட்டார். இரண்டாம் தரம் கை தோளளவுக்கு எழும்பவேயில்லை. எழும்பும், நாளைக்கு எழும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். தோள் வீங்கி நோவெடுத்தது. அதையும் சோதனை என்றார். கை இறுகிக்கொண்டே வந்தது. முந்தி விரிந்த விரலெல்லாம் உள்ளுக்குள் மடங்கிப் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. வெந்நீர் வைத்துத் துடைக்கலாம் என்று ஒருநாள் விரலை விலக்கிப் பார்த்தபோது, நகம் குத்திக் குத்தி உள்ளங்கையில் புண் வந்திருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்கிறது. சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"என்னில விசுவாசம் காணாது போல" என்றார். அந்தச் சொல்தான் என்னை இன்றைக்கும் வருத்துகிறது. நோயைவிட அது அவரைக் கூடுதலாகத் தின்றது.

முன்வீட்டுப் பிள்ளை பார்க்க வந்து, மெல்ல என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "சில நேரம் வீட்டில உள்ள ஆக்களில தடை இருந்தாலும் ஆண்டவர் செய்யமாட்டார் அன்ரி" என்றது. என்னைத்தான் சொல்லுது என்று விளங்கியது. வேறு நாளென்றால் தலையைக் குனிந்துகொண்டு இருந்திருப்பேன்.

"பிள்ளை, ஆண்டவர் செய்யமாட்டார் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை" என்றேன். "அவர் செய்யிற வரைக்கும் எங்களைச் சும்மா இருக்கச் சொன்னவர் எண்டு எனக்குத் தெரியாது. பெருவிரலை அசைச்சதும் அவர்தானே?"

  தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனது.

நான் குசினிக்குள் கதைத்ததை அவர் கேட்டிருக்க வேண்டும். பின்னேரம் அவராகவே கையை என் மடியில் எடுத்து வைத்தார். இடக்கையால் வலக்கையைத் தூக்கி வைத்தார்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "இவ்வளவு நாளும் எங்கயம்மா போனீங்கள்?" என்று மிஸ் கேட்டா. நான் நிலத்தைப் பார்த்தேன். அவர்தான், "மிஸ், எனக்குச் சுகமாகிட்டுது எண்டு நினைச்சிட்டன்" என்றார். மிஸ் கையை வாங்கிப் பார்த்துவிட்டு, புண் ஆற வேண்டும், இறுகினது முழுக்கத் திரும்புமோ தெரியாது, செய்வோம் என்றா.

பழையபடி தொடங்கினோம். பழையபடி என்று சொல்கிறேன், பழைய இடத்திலிருந்து இல்லை, அதற்கும் பின்னாலிருந்து. செபமாலையில் ஒரு மணிக்கு விரல் ஒரு நெல்லளவுதான் விடும். அடுத்த நாள் அதுவும் விடாது. அவர் இப்போது பகிடி பண்ணுவதில்லை. என்னோடு சேர்ந்து செபம் சொல்லுவார். நோகும்போது குரல் நின்றுவிடும், நான் மட்டும் சொல்லி முடிப்பேன். வேலை விட்டு வருகிற வழியில் மகள் வந்தால் அவளும் எங்களோடு இருந்து சொல்லுவாள்.

கை மார்பளவுக்கு வந்தது. நாடி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் போகவில்லை. நெற்றிக்கு எட்ட இன்னும் ஒரு சாண் இருந்தது. ஒருநாள் பின்னேரச் செபத்தில் நான் சிலுவை போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அவர் தலையைக் குனிந்து குனிந்து நெற்றியைக் கையிடம் கொண்டுவந்திருந்தார். விரல் நெற்றியில் பட்டது. பிறகு நெஞ்சு. பிறகு வெகுநேரம் இழுத்து இடத் தோள். வலத் தோளுக்குக் கை திரும்பவில்லை.

"மிச்சத்தை நாளைக்குப் பாப்பம்" என்றார்.

அந்த ஞாயிறு பூசைக்கு வந்தார். கடைசி வாங்குப் பலகையில் இருந்தோம். பாதர் தொடங்கி எல்லோரும் சிலுவை போட்டு முடித்துப் பாவமன்னிப்புச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் அப்போதுதான் நெஞ்சுக்கு வந்திருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இடத் தோளில் விரல் பட்டதும் நின்று மூச்சு வாங்கினார். வேர்த்திருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது, நெடுநாளைக்குப் பிறகு.

வலத் தோளுக்காக இன்னும் செய்துகொண்டுதான் இருந்தோம். மாரி தொடங்கியது. அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் பிடித்து, ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டார்.

பெட்டியில் வைத்தபோது, சவ அடக்க வேலை பார்க்கிற மலர்ச்சாலை ஆள் என்னிடம் வந்தார். "அம்மா, வலக்கை விரல் விரியேல்லை. செபமாலை சுத்த ஏலாமக் கிடக்கு. கொஞ்சம் இழுத்துக் கட்டட்டோ?"

"இழுக்காதைங்கோ" என்றேன். அத்தனை சனத்துக்கு முன்னால் எழும்பிப்போய், பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து, கையை எடுத்தேன். குளிர்ந்திருந்தது. பெருவிரலை முதலில் பிடித்தேன். வழமையாகச் சொல்கிறதையே சொல்லிக்கொண்டு, அது விடும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மற்ற விரல்கள், ஒன்று ஒன்றாக.

மகள் என் காதுக்குள், "அம்மா, வலத் தோளிலயும் ஒருக்கா வைச்சு எடுங்கோ. அப்பா ஆசைப்பட்டவர்தானே" என்று சொல்லி விம்மினாள்.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு நொடி வேலை.

"வேண்டாம் பிள்ளை. அது நான் போடுற சிலுவையாப் போயிடும்" என்றேன்.

கையை நெஞ்சில் வைத்துச் செபமாலையைச் சுற்றிவிட்டேன். பெட்டியை மூடும்போது எல்லோரும் சிலுவை போட்டார்கள். நானும் போட்டேன். என்ர கை நாலு இடத்தையும் சட்டென்று தொட்டுவிட்டுக் கீழே வந்துவிட்டது. அது எனக்குப் பொறுக்கவில்லை.